கவிழாத ஓட்டங்களின் கணக்கு

ஐஸ் பாதையில் வண்டியோடு சறுக்கி இறங்கும் விளையாட்டுகளான பாப்ஸ்லெட், லூஜ், ஸ்கெலிட்டன் மூன்றிலும் தலைக்காயம் என்று பேச்செடுத்தால் வருகிற பதில் ஒன்றுதான்: "கவிழ்ந்தால்தானே ஆபத்து? அதற்குத்தான் ஹெல்மெட் இருக்கிறதே." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் வருடக்கணக்கில் ஓடியவர்கள் சொல்லும் தலைவலி, கவிழ்ந்த நாளில் மட்டும் வருவதில்லை. எங்கும் இடிக்காமல், நல்ல நேரத்தில் முடித்த ஓட்டத்துக்குப் பிறகும் வருகிறது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பேச்சு ஒரு கணம் தாமதமாகக் காதில் ஏறுகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, படுத்தால் போதும் என்றிருக்கிறது. வீரர்கள் இதை 'ஸ்லெட்ஹெட்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுநாள் மறுபடி மேலேறிவிடுகிறார்கள். கவிழ்ந்தது ஒருமுறை, கவிழாமல் இறங்கியது நூறுமுறை என்றால், தலை வாங்கிய மொத்த அடியில் அந்த நூறின் பங்கு என்ன? இந்தக் கேள்வியை இந்த விளையாட்டு வெகுகாலம் கேட்கவே இல்லை.

கேட்காததற்குக் காரணமும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற விபத்துக்குத் தீர்வும் கண்ணுக்குத் தெரியும். 2010 பிப்ரவரி 12 அன்று, வான்கூவர் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, விஸ்லர் ட்ராக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜியா நாட்டு லூஜ் வீரர் நோடர் குமாரிதாஷ்விலி கடைசி வளைவில் தூக்கியெறியப்பட்டு, ட்ராக்கை ஒட்டி நின்ற இரும்புத் தூணில் மோதி இறந்தார். வயது 21. அப்போது வேகம் மணிக்கு 140 கி.மீ.க்கு மேல். உடனே அந்த வளைவின் வெளிச்சுவர் உயர்த்தப்பட்டது, ஐஸின் வடிவம் மாற்றப்பட்டது, ஆண்கள் புறப்படும் இடம் பெண்களின் இடத்துக்கு இறக்கப்பட்டது. அடுத்து வந்த 2014 சோச்சி ட்ராக்கில் மூன்று இடங்களில் மேட்டுப்பகுதிகளை வைத்து, வேகம் 135 கி.மீ. அளவில் அடங்கும்படி கட்டினார்கள். தேவையான வேலைதான், செய்தார்கள். ஆனால் அது எல்லாமே வண்டியைவிட்டு வெளியே விழுகிறவனுக்கான பாதுகாப்பு. வண்டியிலேயே இருந்து, ஒழுங்காகக் கீழே வந்து சேர்பவனின் தலைக்கு அதில் ஒன்றும் இல்லை.

2018இல் டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மெலிசா மெக்ராடனும் மைக்கேல் குசிமானோவும், இந்த விளையாட்டுகளின் மூளையதிர்ச்சி பற்றி அதுவரை வெளிவந்ததையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். கையில் சிக்கியது சொற்பம். ஸ்லெட்ஹெட் பற்றி மருத்துவ இதழ்களில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வீரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, ஏட்டில் இல்லை.

பேச்சின் திசை மாறியது அதற்குப் பிறகுதான். 2006 டூரின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நால்வர் பாப்ஸ்லெட்டில் ஓடிய பாவ்லே யோவனோவிச் 2020 மே மாதம் 43ஆவது வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சில வாரங்களில் நியூயார்க் டைம்ஸ் இந்த விளையாட்டின் முன்னாள் வீரர்களைத் தேடிப் பேசி, தலைவலி, மறதி, மனச்சோர்வு என்று வரிசையாக வந்த கதைகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு யோவனோவிச்சின் மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ, அதில் சி.டி.இ. இருப்பதை உறுதிசெய்தார். குத்துச்சண்டை வீரர்களிடமும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடமும் பார்த்துப் பழகிய மூளைச் சிதைவு அது. பனிச்சறுக்கு வண்டிக்காரர் ஒருவரிடம் அது உறுதியானது அதுவே முதல்முறை.

ஒருவரின் மூளையை வைத்து எல்லாரைப் பற்றியும் தீர்ப்பெழுத முடியாது. சி.டி.இ.யை இறந்த பிறகுதான் உறுதிசெய்ய முடியும். யாருக்கு வரும், எத்தனை ஓட்டத்தில் வரும் என்று அந்த ஒரு முடிவு சொல்லாது. ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பதும் தவறு. ஆனால் "கவிழ்ந்தால்தான் ஆபத்து" என்ற வாதம் அன்றோடு பலமிழந்தது. குத்துச்சண்டையிலும் கால்பந்திலும் மருத்துவர்கள் பார்த்தது என்ன? ஒரு பெரிய அடியைவிட, ஆளைச் சாய்க்காத சிறு அடிகள் வருடக்கணக்கில் சேர்வதுதான் சி.டி.இ.யோடு கூடுதல் தொடர்புடையது என்பதைத்தான். இந்த விளையாட்டில் அந்தச் சிறு அடிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடினால், சாதாரண ஓட்டத்துக்குள்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் நடப்பது

ஸ்கெலிட்டனை எடுத்துக்கொள்வோம். குப்புறப் படுத்து, தலை முன்னால் போக, முகவாய் ஐஸிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க, மணிக்கு 120, 130 கி.மீ.யில் இறக்கம். வண்டி என்பது இரும்புச் சட்டம், அடியில் ஐஸில் வழுக்கும் இரண்டு இரும்புத் தண்டுகள் (ரன்னர்), அவ்வளவே. ஸ்பிரிங் கிடையாது, அதிர்வு தாங்கி கிடையாது, பிரேக்கும் கிடையாது. பெரிய வளைவுகளில் உடல் எடை புவியீர்ப்பின் நான்கு, ஐந்து மடங்காகிறது. தலை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஹெல்மெட் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். சேர்த்து ஆறு கிலோ என்று வையுங்கள். ஐந்து மடங்கில் அது 30 கிலோ. குப்புறப் படுத்த நிலையில் கழுத்தின் பின்தசை மட்டும் அந்த 30 கிலோவைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். எப்பேர்ப்பட்ட கழுத்தும் ஏதாவது ஒரு வளைவில் விட்டுக்கொடுக்கும். விட்டதும் ஹெல்மெட்டின் முகவாய்ப் பகுதி ஐஸில் உரசும். உரசல் என்றால் வழுக்கிக்கொண்டு போவதல்ல; ஐஸில் உள்ள ஒவ்வொரு ரன்னர் தடமும், ஒவ்வொரு மேடும் தாடையில் தட்டிக்கொண்டே போகும். வளைவு முடிந்து அழுத்தம் சட்டென்று விடும்போது, அதுவரை முழுபலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த கழுத்து தலையை மேலே விசிறும். பிறகு அடுத்த வளைவு. ஒரு ட்ராக்கில் பதினைந்து சொச்சம் வளைவுகள்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி ஓட்டத்துக்கு முன் முகவாய்ப் பகுதியின் அடிவிளிம்பில், இடம் நடு வலம் என மூன்று துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிட்டுக் கீழே போய்ப் பார்த்தால் போதும். இடது துண்டு கிழிந்து வலது துண்டு புதுசாக இருந்தால், எந்தப் பக்க வளைவுகளில் கழுத்து தோற்கிறது என்று தெரிந்துவிடும். நடுத்துண்டு மட்டும் தேய்ந்திருந்தால், தலை நேராகத்தான் இருந்திருக்கிறது, உயரம்தான் போதவில்லை. மூன்றும் கிழிந்து கிடந்தால் அன்றைக்கு அவருக்கு இன்னொரு ஓட்டம் வேண்டாம். போட்டி நாளில் இது வேண்டாம், பயிற்சியோடு சரி.

லூஜில் நிலை தலைகீழ். மல்லாந்து படுத்து, கால் முன்னால். தலைக்குத் தாங்கல் இல்லை. காற்றைக் கிழிக்கத் தலையை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு லாபம்; ஆனால் தாழ்த்திய தலை பெரிய வளைவில் பின்பக்கமாக இழுபட்டு ஐஸைத் தொடும். அதனால்தான் பலர் ஹெல்மெட்டிலிருந்து உடலுக்கு ஒரு பட்டை கட்டிக்கொள்கிறார்கள். பட்டை தளர்வாக இருந்தால் பயனில்லை. தலை அதுவரை பின்னால் போய், பட்டையின் நுனியில் வெடுக்கென்று நிற்கும். அந்த வெடுக்கும் ஒரு அடிதான். ஓட்ட நிலையில் படுத்து, இன்னொருவர் நெற்றியைப் பின்னால் தள்ளிப் பார்த்து நீளத்தைச் சரிசெய்யவேண்டும். நின்றுகொண்டு கட்டினால் அளவு தவறும்.

பாப்ஸ்லெட்டில் இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். முன்னால் உட்கார்ந்து வண்டியைத் திருப்பும் பைலட் பாதையைப் பார்க்கிறார், அடுத்த வளைவு வருமுன் கழுத்தை இறுக்கிக்கொள்கிறார். பின்னால் இருப்பவர்கள் குனிந்து, தலையை முழங்காலுக்கிடையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதுவும் தெரியாது. எதிர்பார்த்த அடியில் தலை குறைவாக ஆடும், எதிர்பாராத அடியில் அதிகம் ஆடும். பின்னிருக்கை ஆட்களின் ஹெல்மெட் முன்னவர் முதுகிலும் வண்டியின் பக்கச் சுவரிலும் மாறிமாறி மோதுகிறது. முழு எடையோடு நால்வர் வண்டி 630 கிலோ வரை போகலாம். அது ஒரு சுவரைத் தட்டினால் உள்ளே இருப்பவருக்கு அது தட்டல் அல்ல. பல அணிகளில் காலையில் ட்ராக்கை நடந்து பார்ப்பது பைலட்டின் வேலை, கடைசியில் உட்கார்ந்து பிரேக் இழுக்கும் பிரேக்மேன் அப்போது ரன்னரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். இது மாறவேண்டும். பின்னால் இருப்பவருக்கும் வளைவுகளின் வரிசை, ஒவ்வொன்றிலும் அழுத்தம் எந்த நொடியில் வரும் என்பது மனப்பாடமாக இருந்தால், எண்ணிக்கொண்டே கழுத்தை இறுக்கமுடியும். செலவில்லாத தடுப்பு இது.

ஹெல்மெட் எதற்குச் செய்யப்பட்டது

இங்கே அணியும் ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் பைக், கார்ப் பந்தய ஹெல்மெட்டுகளின் வழிவந்தவை. வெளி ஓட்டுக்கு உள்ளே இருப்பது நமக்கெல்லாம் தெரிந்த தெர்மாகோல்தான், அடர்த்தி கூடியது. பெரிய அடி விழும்போது அது நசுங்கி, அடியின் ஆற்றலைத் தின்றுவிடும். அண்மைக்காலம்வரை ஐரோப்பிய பைக் ஹெல்மெட் தரமாக இருந்த இ.சி.இ. 22.05, விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கி.மீ.யில் ஹெல்மெட்டை மோதவிட்டு, உள்ளே தலைக்கு வரும் முடுக்கம் புவியீர்ப்பின் 275 மடங்கைத் தாண்டக்கூடாது என்றது. மண்டையோடு உடையாமல் காப்பதற்கான எல்லை இது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் மூளையதிர்ச்சி உண்டாக்கிய அடிகளைத் திரும்ப நிகழ்த்தி அளந்தபோது, சராசரி 100 மடங்கை ஒட்டியே வந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனையில் நன்றாகத் தேறிய ஹெல்மெட்டுக்குள்ளேயே மூளையதிர்ச்சிக்குத் தாராளமாக இடமிருக்கிறது.

சின்ன அடிகளில் நிலைமை இன்னும் மோசம். பெரிய அடிக்கு நசுங்கும்படி அடர்த்தியாகச் செய்த நுரை, சின்ன அடிக்கு நசுங்கவே நசுங்காது. அப்படியே விறைப்பாக இருந்து அதிர்வை உள்ளே கடத்திவிடும். கன்னத்தை ஒட்டிய மெத்தை கொஞ்சம் ஏற்கும், ஆனால் கடுங்குளிரில் அதுவும் கெட்டியாகிவிடுகிறது. சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். நீர் நிரம்பிய வாளியைச் சட்டென்று திருகினால் வாளி திரும்பும், நீர் பின்தங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே நடப்பதும் அதுதான், அந்தப் பின்தங்கலில்தான் நரம்பிழைகள் இழுபடுகின்றன. புதிய 22.06 தரத்தில் சாய்வான பரப்பில் மோதவிட்டுச் சுழற்சியை அளக்கும் சோதனை சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவர் குறைந்தபட்சம் அதைப் பார்த்து வாங்கலாம். அதற்காக 22.06 ஸ்லெட்ஹெட்டைத் தடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பவேண்டாம். ஓட்டம் முழுக்கத் தொடரும் அதிர்வை அந்தச் சோதனை அளப்பதே இல்லை.

அளவு பார்ப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹெல்மெட்டுக்குள் குளிருக்கு முகத்துணி போடுகிறவர், கடையில் அது இல்லாமல் அளவு பார்க்கிறார். பிறகு இறுக்குகிறது என்று மெத்தையைக் கழற்றிவிடுகிறார். முகத்துணியோடுதான் போட்டுப் பார்க்கவேண்டும். முகவாய்ப் பகுதியைப் பிடித்து இடவலமாகத் திருகினால் கன்னத்தோல் ஹெல்மெட்டோடு கூடவே நகரவேண்டும். தோல் நின்று ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் தளர்வு. பட்டையை மாட்டிய பிறகு பின்விளிம்பைப் பிடித்து மேலே உருட்டினால் கழன்று வரக்கூடாது. நனைந்த ஹெல்மெட்டை ஹீட்டர் மேல் கவிழ்த்துக் காயவைக்கக்கூடாது, நுரை கெடும். ஒரு பெரிய அடி வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்; நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது, வெளி ஓடு பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஐஸ் ஒரு மருத்துவ விஷயம்

அதிர்வின் ஊற்று ஐஸ். ஆனால் தலைக்காயம் பற்றிய கூட்டங்களில் ஐஸ் போடுகிறவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கான்கிரீட் தொட்டிமேல் நீரைத் தெளித்துத் தெளித்து, சில சென்டிமீட்டர் கனத்துக்கு ஐஸ் ஏற்றி, கையால் சுரண்டிச் சுரண்டி வடிவம் கொண்டுவருகிறார்கள். சுரண்டுகிற கத்தி துள்ளினால் சிற்றலைபோல வரிவரியாக நிற்கும். விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் அதன்மேல் போனால் அது துளையிடும் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி போவதற்குச் சமம். ஈரக்காற்றில் உறைபனி படர்ந்தால் சொரசொரப்பு. நால்வர் பாப்ஸ்லெட்டுகள் வரிசையாக ஓடிய பிறகு வளைவுகளின் வாயில் பள்ளம் விழுந்திருக்கும். அதற்குப் பின்னால், சீர்செய்யாமல் ஸ்கெலிட்டன் பயிற்சியை வைப்பது, அட்டவணை போடுகிறவருக்கு அரைமணி மிச்சம், ஓடுகிறவருக்குத் தலைவலி. இலேசான வண்டியில் முகம் தரையோடு போகிறவர்களை முதலிலும், கனமான வண்டிகளைக் கடைசியிலும் வைப்பதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.

அதிர்வுக்கு எல்லை வகுத்த சட்டம் இருக்கிறதா என்றால், தொழிலாளர்களுக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு ஆணை, லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர்கள் உடல் முழுவதும் வாங்கும் அதிர்வை எட்டு மணி நேரச் சராசரியாகக் கணக்கிட்டு, 0.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் நடவடிக்கை எடு, 1.15 தாண்டவே கூடாது என்கிறது. ஒரு நிமிட ஓட்டத்தை அந்தச் சூத்திரத்தில் போட்டால், எட்டு மணிநேரம் 480 நிமிடம், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 22; வரம்பை அதால் பெருக்கவேண்டும். ஆக ஓட்டத்தின் சராசரி அதிர்வு 11 ஆக இருந்தாலே முதல் வரம்பைத் தொட்டுவிடும். 25 ஆக இருந்தால் மேல்வரம்பு. மூன்று ஓட்டம் என்றால் அதே வரம்புகள் 6 சொச்சத்துக்கும் 14.5க்கும் இறங்கிவிடும். 11 என்பது புவியீர்ப்பைவிடச் சற்றே கூடுதல். சொரசொரப்பான ஐஸில், தாங்கி இல்லாத சட்டத்தில் இது பெரிய அளவு அல்ல. அந்த ஆணை இருக்கையில் உட்கார்ந்த உடலுக்கு, முதுகெலும்பை மனதில் வைத்து எழுதியது. படுத்துக்கொண்டு தாடையால் ஐஸைத் தட்டுகிறவனுக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். சரி, பொருந்தாது. அப்படியானால் பொருந்துகிற வரம்பு ஒன்றை வகுங்கள் என்பதுதான் என் பதில். வரம்பே இல்லாமல் இருப்பதற்கு அது சாக்காகாது.

கவிழ்ந்தால்

கவிழ்வதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் அங்கேயும் பழக்கங்கள் சரியில்லை. விஸ்லரில் 13ஆவது வளைவுக்கு அமெரிக்க பைலட் ஸ்டீவன் ஹோல்கம்ப் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்று பேர் வைத்தார், தப்பிப்பதும் கவிழ்வதும் சரிபாதி என்பதால். பாப்ஸ்லெட்டில் சீட் பெல்ட் இல்லை. பிரேக் என்பது பின்னால் உள்ள இரும்புப் பற்கள், முடிவுக்கோடு தாண்டிய பிறகுதான் இழுப்பது. கவிழ்ந்த வண்டி நிற்காது. ஹெல்மெட்டுகள் ஐஸில் தேய, பத்து விநாடியில் முந்நூறு மீட்டர் போய்விடும். அப்போது செய்யவேண்டியது உள்ளேயே இருப்பது, கைப்பிடியை விடாதிருப்பது, தோளைச் சுருக்கித் தலையை வண்டியின் விளிம்புக்குள் இழுத்துக்கொள்வது. வெளியே போனால் கனமான வண்டி பின்னாலேயே துரத்தி வரும். ஸ்கெலிட்டனிலும் முடிந்தவரை வண்டியை விடக்கூடாது என்பது இதனால்தான். நின்ற பிறகும் எழுந்து நிற்க அவசரப்படவேண்டாம். மேட்டுப்பகுதியில் நின்ற வண்டி பின்னோக்கி வழுக்கி வரும்.

பிறகு வருவதுதான் எனக்குக் கடுப்பேற்றும் காட்சி. வீரர் எழுந்து கையைத் தூக்கிக் காட்டுகிறார், ஒலிபெருக்கி "நலமாக இருக்கிறார்" என்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. கையைத் தூக்க மூளை முழுதாக வேலை செய்யவேண்டும் என்பதில்லை. குளிரும் பதற்றமும் அறிகுறிகளை முதல் சில நிமிடம் மறைத்துவிடும். கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கைகாலில் பலவீனமோ கூச்சமோ, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, நினைவு தப்பியது, தடுமாற்றம் கூடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தை அசைக்காமல் மருத்துவமனைக்குத்தான். பயிற்சி பெறாதவர் ஹெல்மெட்டைக் கழற்றவே கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் அமைதியான, கதகதப்பான அறைக்குக் கூட்டிப்போய் முழுச் சோதனை. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர் மாநாட்டிலிருந்து வந்த, மூளையதிர்ச்சியைச் சோதிக்கும் ஸ்காட்6 படிவத்தில் 22 அறிகுறிகளுக்கு ஒவ்வொன்றும் 0 முதல் 6 வரை மதிப்பெண், பத்துச் சொல் நினைவு, மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, மூன்று மீட்டர் கோட்டில் குதிகால் விரலைத் தொட நடப்பது எல்லாம் உண்டு. பத்து, பதினைந்து நிமிடத்துக்குக் குறைத்து அதை முடிக்கமுடியாது. ட்ராக் ஓரத்தில் கேட்கும் நினைவுக் கேள்விகளை மட்டும் இந்த விளையாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்: இது எந்த ட்ராக், இன்றைக்கு எத்தனையாவது ஓட்டம், எந்த வளைவுக்குப் பிறகு ஞாபகம் இல்லை, போன வாரம் எங்கே ஓடினோம். சீசன் தொடங்குமுன் இதே சோதனையை நலமாக இருக்கும்போது செய்து வைத்திருந்தால்தான் ஒப்பிடமுடியும். சந்தேகம் என்றால் அன்று முழுக்க ஓட்டம் இல்லை. அதை முடிவுசெய்வது பயிற்சியாளராக இருக்கக்கூடாது. பிரேக்மேன் இடத்துக்கு இன்னும் மூன்று பேர் காத்திருக்கும் அணியில், வீரர் வாயால் உண்மை வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

திரும்பி வருவதில் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் மோதல் இல்லாத பயிற்சி என்று ஒன்று வைக்கலாம். ஐஸில் அரை வேகம் கிடையாது. புறப்பட்டால் புவியீர்ப்புதான் ஓட்டுகிறது. பொது நெறிமுறையில் ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் ஒன்றிரண்டு நாள் இலேசான நடமாட்டம் மட்டும்; திரை பார்ப்பதைக் குறைக்கவேண்டும். பிறகு நின்ற இடத்தில் சைக்கிள், இதயத் துடிப்பு உச்சத்தின் 55 சதவீதத்தில் தொடங்கி 70 வரை. மூன்றாவதில் தனியாக ஓட்டம், தலை அடிபட வாய்ப்பில்லாத தள்ளும் பயிற்சி. வண்டிக்குள் குதித்து ஏறுவது இங்கே வேண்டாம், அந்தக் குதியே ஒரு குலுக்கல். இந்த மூன்று படிகளிலும் அறிகுறி பத்துப் புள்ளி அளவில் இரண்டு புள்ளி கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேலுள்ள படிகளுக்கு அறிகுறி அறவே இருக்கக்கூடாது, மருத்துவர் அனுமதியும் வேண்டும். ஐஸில் படிப்படியாக ஏற நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஏணி, ட்ராக்கில் கீழே இருக்கும் ஜூனியர் புறப்பாட்டு இடம். அங்கிருந்து ஒரே ஓட்டம், மறுநாள் காலைவரை காத்திருந்து பார்ப்பது, பிறகு இரண்டு, அதற்குப் பிறகே மேலே. போட்டி வாரத்தில் கீழ்ப் புறப்பாட்டுக்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள் என்பார்கள். அப்படியானால் அந்த வாரம் அவர் ஓடத் தயாராக இல்லை என்று பொருள். அமெரிக்க பைலட் எலானா மேயர்ஸ் டெய்லர் 2015இல் ஜெர்மனியின் கோனிக்ஸ்சே ட்ராக்கில் நடந்த விபத்துக்குப் பிறகு மூளையதிர்ச்சியோடு போராடியதை வெளிப்படையாகப் பேசியதால்தான், முன்னணியில் இருப்பவருக்கும் இது நாள்கணக்கில் அடங்காது என்று பலருக்குப் புரிந்தது.

எதை எழுதி வைப்பது

பயிற்சியாளரின் நோட்டில் தள்ளும் நேரம், இடைநேரங்கள், ரன்னர் எண், ஐஸ் வெப்பநிலை எல்லாம் நூறில் ஒரு விநாடிவரை இருக்கும். தலைக்கு ஒரு பத்தியும் இருக்காது. சேர்க்கவேண்டியது அதிகமில்லை: எந்த ட்ராக், எந்தப் புறப்பாட்டு இடம், அன்றைக்கு எத்தனையாவது ஓட்டம், எந்த வளைவுகளில் தலை தொட்டது, ஓட்டத்துக்கு முன் தலைவலி 0 முதல் 6 வரை எவ்வளவு, அரைமணி கழித்து எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. மறுநாள் காலை எண்ணைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் முக்கியம். காலையில் பூஜ்யத்துக்குத் திரும்பாதவர் அன்று ஓடக்கூடாது என்ற ஒரு விதியை அணிக்குள் வைத்துக்கொள்ள உலக சம்மேளனத்தின் அனுமதி தேவையில்லை. ரக்பியில் பல்கவசத்துக்குள் உணரி வைத்துத் தலையின் முடுக்கத்தை அளப்பது இப்போது உயர்மட்டப் போட்டிகளில் நடைமுறை. பல்கவசம் மேல்தாடையோடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால், ஹெல்மெட்டில் ஒட்டும் உணரியைவிட அது நம்பகமானது. ஆனால் அந்தக் கருவிகள் ஒற்றை அடிகளைப் பிடிப்பதற்கென்று அளவு வரம்பு வைத்துச் செய்தவை. தொடர் அதிர்வை அவை சத்தமில்லாமல் தள்ளிவிடக்கூடும், இந்த விளையாட்டுக்கு வாங்குகிறவர் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஓட்ட எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் எதிர்ப்பு கடுமையாக இருக்கும். வளைவுகளைக் கற்க வேறு வழியில்லை என்பது உண்மையான வாதம், குறைவாக ஓடியவர்தான் அதிகம் கவிழ்கிறார் என்பதும் உண்மை. ஆகவே புதிய ட்ராக்குக்கு வருகிற அனுபவமில்லாதவருக்கு ஓட்டத்தைக் குறைப்பதைவிட, கீழ்ப் புறப்பாட்டிலிருந்து ஓட்டங்களைக் கொடுப்பதே சரி. குறைக்கவேண்டியது அனுபவசாலிகளின் ஓட்டங்களை. ஒரு ட்ராக்கை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்தவர் நாளின் மூன்றாவது ஓட்டத்தில் கற்கப்போவது கொஞ்சம்; அது பெரும்பாலும் ரன்னரைச் சோதிப்பதற்காக எடுப்பது. ரன்னர் சோதனைக்கு ஒரு தலை விலையா என்று அணியின் மருத்துவர் அந்த மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் கேட்கலாம், கேட்க அவருக்கு அதிகாரமும் இருக்கவேண்டும். பாப்ஸ்லெட் பின்னிருக்கைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: பைலட் பாதை கற்கும் ஓட்டங்களில் நான்கு பேரையும் ஏற்றவேண்டியதில்லை. இருவர் வண்டியில் கற்றுக்கொள்ளட்டும், பின்னால் ஒருவரே போகட்டும், அந்த ஒருவரும் நாளுக்கு நாள் மாறட்டும்.